பேரங்காடியில் பிள்ளை கைநழுவினால்... புதிதாக வந்த குடும்பங்கள் கவனத்திற்கு

கோலாலம்பூர்: தலைநகரிலுள்ள ஒரு பேரங்காடியில் அண்மையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஏறத்தாழ இருபது நிமிடம் பெற்றோரைப் பிரிந்து நின்றான். வேலை நிமித்தமாகத் திருச்சியிலிருந்து வந்த குடும்பம் அது. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பையன் கெட்டிக்காரன், அப்பாவின் கைப்பேசி எண்ணைத் தடுமாறாமல் சொன்னான். ஆனால் அது ஊரில் இருந்தபோது சொல்லிக்கொடுத்த எண். இங்கே வந்திறங்கியதும் அப்பா புது சிம் அட்டை வாங்கிவிட்டார். அந்த எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை.

அவனை முதலில் பார்த்தவர் நேப்பாளப் பாதுகாவலர். மலாயில் கேட்டார், இந்தியில் கேட்டார். பதில் இல்லை. கழிவறையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த நம் அக்கா ஒருவர் ஓடிவந்து, “தம்பி, யாரு கூடய்யா வந்தே?” என்று கேட்ட பிறகுதான் பையன் வாயைத் திறந்தான். அம்மா மஞ்சள் சுடிதார் போட்டிருப்பதாகச் சொன்னான். நாம் பஞ்சாபி சூட் என்கிறோமே, அதுதான். அந்த ஓர் அடையாளத்தை வைத்தே தாயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்தத் தாயிடம் பேசியபோது, பிள்ளை தொலைந்ததைவிடத் தனக்கு அந்தக் கட்டடம் புரியாமல் போனதுதான் அதிகப் பயம் தந்தது என்றார். எல்லாத் தளமும் ஒன்றுபோல் இருந்ததாம்.

புதிதாக வருவோர் வார இறுதியில் பேரங்காடிக்குப் போவதைக் குறை சொல்வதற்கில்லை. அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகள் ஓடியாட இடமில்லை. வெளியே வெயில், சாயங்காலமானால் மழை. மிட்வேலிக்குக் கேடிஎம் ரயிலில் இறங்கினால் பாலம் வழியாக நேரே உள்ளே போய்விடலாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு கேஎல் சென்ட்ரலை ஒட்டியே நியூ சென்ட்ரல் இருக்கிறது. காசு செலவழிக்காமல் பொழுது போக்க வேண்டுமானால் சூரியா கேஎல்சிசிக்கு வெளியே உள்ள பூங்காவில் பிள்ளைகள் கால் நனைக்கக் குளமும் விளையாட்டுத் திடலும் இலவசம். மாற்றுத்துணி ஒன்று கொண்டுபோங்கள்.

கட்டடத்தைப் படிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். இங்கே ‘ஜி’ என்றால் தரைத்தளம், அதன்கீழே ‘எல்ஜி’. மேட்டுநிலத்தில் கட்டிய கட்டடங்களில் ஒரு வாசல் ‘ஜி’யிலும் மறுவாசல் ‘எல்ஜி’யிலும் திறக்கும், இரண்டுமே சாலை மட்டத்தில்தான் இருக்கும். “கீழ்த்தளத்துக்கு வா” என்று கணவர் ஓரிடத்திலும் மனைவி வேறிடத்திலும் காத்திருப்பது இப்படித்தான். சில மின்தூக்கிகளில் 3-க்கு அடுத்து 4 இருக்காது, ‘3ஏ’ இருக்கும். 4 என்ற எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால் வந்த வழக்கம். மிட்வேலியும் கார்டன்சும் ஒட்டியிருந்தாலும் பெயரால் இரண்டு. ஒன் உத்தாமாவில் பழைய பகுதி, புதிய பகுதி என உண்டு. ஆகவே, பிரிந்தால் சந்திக்கும் இடம் தளத்தின் பெயராக இருக்கக்கூடாது. உள்ளே நுழைந்ததும் ஒரு கடையைக் காட்டி, “வழி தவறினால் இங்கே வந்து நிற்போம்” என்று பிள்ளையையும் திரும்பச் சொல்லவைப்பது நல்லது.

நகரும் படிக்கட்டு வேறு விவகாரம். தள்ளுவண்டியை அதில் ஏற்றவே கூடாது. வார இறுதியில் மின்தூக்கிக்கு நெடுநேரம் நிற்க வேண்டிவரும், நின்றுதான் ஆகவேண்டும். பிள்ளைகள் போடும் மெத்தென்ற ரப்பர் காலணியின் நுனி படிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் அப்படித்தான். பத்தாங் பெர்சுந்தை தோட்டத்திலிருந்து வந்த என் பாட்டி, சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி ஏழெட்டுப் பேரை முன்னே போகவிட்டுத்தான் முதல் அடி எடுத்துவைப்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது யோசித்தால், அந்தக் கூட்டத்தில் சரியாக ஏறியவர் அவர் ஒருவர்தான்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. குளிர்சாதனம் அதிகம் என்பதால் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படும். பெரிய பேரங்காடிகளில் பாலூட்டவும் உடைமாற்றவும் தனியறை இருக்கும். கழிவறைக்குச் சில இடங்களில் சில்லறை கேட்பார்கள். உள்ளரங்கு விளையாட்டிடங்களில் காலுறை இல்லாமல் விடமாட்டார்கள், பல இடங்களில் பெற்றோருக்கும் அதே விதி. சைவம் சாப்பிடுவோர், காய்கறி என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கவேண்டாம். கங்கோங் கீரையில் பெலாச்சான் இருக்கும், அதாவது கூனி இறால்.

இனி முக்கியமான செய்தி. ஊரில் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவது சாதாரணம். இங்கே, போதிய கண்காணிப்பின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வது 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்கீழ் குற்றம். காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ‘ரெண்டே நிமிஷம்’ போய்வருவதை அறவே மறந்துவிடுங்கள்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடாதீர்கள். ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க, மற்றவர் தகவல் முகப்பிற்கோ அருகிலுள்ள பாதுகாவலரிடமோ போகவேண்டும். காலையில் கிளம்பும்போது பிள்ளையை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால், உடையின் நிறத்தை எந்த மொழியிலும் விளக்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்க முடியாவிட்டால் 999-ஐ அழையுங்கள். போலீசில் புகார் செய்ய 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று நம்மவர்களே இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. 12 வயதுக்குட்பட்ட சிறார் காணாமற்போனால் தகவலைப் பரப்ப ‘நூர் அலர்ட்’ என்ற ஏற்பாடும் 2011 முதல் நடப்பில் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளூர்க் கைப்பேசி எண் 01 என்று தொடங்கும். அந்த எண்ணை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் வந்துவிடும். அதற்கும் சிறிய குழந்தை என்றால் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடலாம். கூடவே ‘தோலோங்’ என்ற ஒரு மலாய்ச் சொல். உதவி என்று பொருள்.

அந்தத் திருச்சிப் பையனிடம் அப்பாவின் எண்ணைக் கேட்டேன். பழைய எண்ணைத்தான் முதலில் கடகடவென்று சொன்னான். பிறகு தலையை ஆட்டி, “அது ஊரு நம்பர் அங்கிள்” என்று நிறுத்தி, 01-லிருந்து ஆரம்பித்தான்.