கடவுள் நினைத்தார் என்றால்…

வெள்ளம் பூமியை மூடி 150 நாள் நின்றது; பிறகு கடவுள் நோவாவை நினைத்தார் என்கிறது ஆதியாகமத்தின் 8ஆம் அதிகாரம். படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி எழும். அப்படியானால் அதுவரை மறந்திருந்தாரா? பேழைக்கு முழக்கணக்கில் அளவு சொல்லி, நோவா உள்ளே போனதும் கதவைத் தாமே அடைத்தவர், உள்ளே இருப்பவர்களை எப்படி மறப்பார்? அங்கே வரும் எபிரேய வினைச்சொல் ‘ஸாகர்’. அதை வெறும் ஞாபகமாக எடுத்துக்கொண்டால்தான் இந்தச் சங்கடம். பைபிளில் 200க்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இந்த வினை, பல இடங்களில், குறிப்பாகக் கடவுளைப் பற்றிப் பேசும்போது, ஒரு செயலின் தொடக்கத்தைக் குறிக்கிறது.

எபிரேயக் கதைகூறலில் வினைகள் சங்கிலிபோல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். ஒவ்வொன்றின் முன்னும் ‘வ’ என்ற இணைப்பு நின்று, அடுத்து நடந்ததைச் சொல்லும். நோவா கதையில் ‘வய்யிஸ்கோர்’, நினைத்தார். அதே வசனத்திலேயே காற்றை வீசச் செய்தார், நீர் தணிந்தது. ராகேல் கதையிலும் அப்படித்தான்: நினைத்தார், கேட்டார், கருப்பையைத் திறந்தார். அன்னாளை நினைத்தார், அடுத்த வசனத்தில் சாமுவேல் பிறந்துவிடுகிறான். எகிப்தில் அடிமைகள் பெருமூச்சு விட்டபோது ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையை நினைத்தார் என்று யாத்திராகமம் 2ஆம் அதிகாரம் முடிகிறது; 3ஆம் அதிகாரத்தில் எரியும் முட்செடியிலிருந்து மோசேக்கு அழைப்பு வருகிறது. இந்தக் கதைகளில் ஒன்றில்கூட அந்த நினைவு மனதோடு நின்றுவிடவில்லை.

மனிதர்களிடமும் இந்த வினை வாய்ச்சொல்லாக மாறிவிடுகிறது. சிறையில் யோசேப்பு, விடுதலையாகப்போகும் பானபாத்திரக்காரர் தலைவனிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறான்: என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் என்னைப் பற்றிச் சொல். இரண்டுக்கும் வேர் ஒன்றே. இரண்டாவது, ‘நினைக்கச் செய்’ என்ற பிறவினை வடிவம். அக்காடிய மொழியில் இதற்கு உறவான வினைக்குச் சொல்லுதல், பெயரிட்டுக் குறிப்பிடுதல் என்றே பொருள். தாவீதின் அரசவையில் ‘மஸ்கீர்’, அதாவது நினைவூட்டுபவர், என்றொரு பதவி இருந்தது. அதுவும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். நினைவும் சொல்லும் இப்படிச் சேர்ந்திருப்பதை யூத அறிஞர்கள் நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள். இஸ்ரவேலரைத் தாக்கிய அமலேக்கு இனத்தார் செய்ததை நினை, மறவாதே என்று உபாகமம் 25ஆம் அதிகாரம் இரண்டு முறை கட்டளையிடுவது ஏன்? மறவாதிருப்பது மனதின் வேலை. ஆகவே ‘நினை’ என்பது வாயால் சொல்வதாகத்தான் இருக்க வேண்டும் என்று பாபிலோனியத் தல்மூத் வாதிடுகிறது. இன்றும் பூரிம் பண்டிகைக்கு முந்தைய ஓய்வுநாளில் அந்தப் பகுதியை ஜெபாலயங்களில் உரக்க வாசிக்கிறார்கள்.

ஸாகர் செயலைக் குறிக்கிறது என்ற இந்த வாசிப்புக்கு வலுவான மறுப்பு உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து ஏங்கினார்கள் என்று எண்ணாகமம் சொல்கிறது. வினை அதேதான், அங்கே இருப்பது நாவூறும் ஞாபகம் மட்டுமே. ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில், பைபிள் அறிஞர்கள் தங்கள் இறையியல் முழுவதையும் ஒற்றைச் சொல்லின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார். பொருளைத் தருவது வாக்கியம் என்பது அவர் நிலை. அதை ஏற்கத்தான் வேண்டும். ஸாகர் என்ற சொல்லுக்குள்ளேயே மீட்பு ஒளிந்திருக்கிறது என்று பிரசங்கிப்பது மிகை. ஆனால் வாக்கியத்தைப் பார்க்கச் சொல்லும் அதே அளவுகோல்தான் இங்கே துணைக்கு வருகிறது. நினைப்பவர் யார், அடுத்து வரும் வினை எது என்று பார்த்தால், கடவுள் எழுவாயாக வரும் அந்தக் கதைகளில் அமைப்பு மாறாமல் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

தமிழ் பைபிள், நோவாவைக் கடவுள் ‘நினைத்தருளினார்’ என்கிறது. அருள் என்ற துணைவினை, அது வெறும் ஞாபகமல்ல என்பதை அழகாக உணர்த்திவிடுகிறது. ஆயினும் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. நெகேமியா தனக்கு நன்மை உண்டாகும்படி நினைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறார். தன் எதிரிகளான தொபியாவையும் சன்பல்லாத்தையும் நினைத்துக்கொள்ளும்படி அதே வினையாலேயே கேட்கிறார். அவர்களுக்கு அவர் அருளைக் கேட்கவில்லை, தண்டனையைக் கேட்கிறார். எரேமியா 31ஆம் அதிகாரத்தில் கடவுள், மக்களின் பாவத்தை இனி நினைப்பதில்லை என்கிறார். எல்லாம் அறிந்தவருக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று யாரும் அதைப் படிப்பதில்லை. கணக்குக் கேட்கமாட்டேன் என்ற வாக்குறுதியாகவே படிக்கிறோம். நோவாவின் கதையையும் அதே கண்ணோடுதான் படிக்க வேண்டும். பைபிளில் கடவுள் நினைத்தார் என்ற வரியைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடாமல் அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்.