அமெரிக்க லாட்டரி விசா: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?



"அமெரிக்காவுல குலுக்கல் போட்டு கிரீன் கார்டு தர்றாங்களாமே? பையன் பேரைப் பதிய 15 ஆயிரம் கேக்குறாங்க. குழுவுல கடன் கிடைக்குமா?" இப்படிக் கேட்டு வரும் உறுப்பினர்கள் பலர். பிள்ளை முன்னுக்கு வரணும் என்கிற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் கட்டப் போவது நாம் வாராவாரம் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு. அதனால் விஷயத்தை முழுசாகத் தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்.

லாட்டரி விசா என்பது என்ன?

இப்படி ஒரு திட்டம் உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவில் 1990-ல் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி 1995 நிதியாண்டு முதல் நடந்து வந்தது. எந்தெந்த நாடுகளிலிருந்து குறைவான பேர் அமெரிக்காவில் குடியேறுகிறார்களோ, அந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு தருவதுதான் நோக்கம். சட்டம் சொல்வது ஆண்டுக்கு 55,000 விசா. அதில் ஒரு பகுதி வேறு திட்டத்துக்குப் போவதால் 50,000 அளவில்தான் கிடைக்கும். உலகம் முழுவதும் இருந்து லட்சக்கணக்கானோர் விண்ணப்பிப்பதால் கம்ப்யூட்டர் மூலம் குலுக்கல் நடக்கும்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஏன் இல்லை?

கடந்த 5 ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடும்ப உறவு வழியிலும் வேலை வழியிலும் ஒரு நாட்டிலிருந்து குடியேறியிருந்தால், அந்த நாட்டுக்குக் குலுக்கலில் இடம் கிடையாது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டார்கள். சீனா, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ ஆகிய நாடுகளுக்கும் இதே நிலைதான்.

ஆகவே, நம் ஊரில் பிறந்த பிள்ளையின் பெயரைப் பதிந்து தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்டால், அதற்கு மேல் விசாரிக்கவே தேவையில்லை. பதிந்தாலும் செல்லாது.

பாஸ்போர்ட் இல்லை, பிறந்த நாடுதான் கணக்கு

இதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த நாட்டுக் குடிமகன் என்று அவர்கள் கேட்பதில்லை. எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். 1964-ல் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, நீலகிரி போன்ற இடங்களில் வாழும் குடும்பங்கள் உண்டு. இவர்களில் இலங்கையில் பிறந்தவர், இன்று இந்தியக் குடிமகனாக இருந்தாலும், இந்தத் திட்டத்தின் கணக்கில் இலங்கைக்காரர். இலங்கை தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் இருந்து வந்திருக்கிறது. முகாம்களில் வசிக்கும், இலங்கையில் பிறந்த சகோதரிகளுக்கும் இதே விதிதான்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு.

1. கணவனோ மனைவியோ தகுதியுள்ள நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் பெயரில் விண்ணப்பிக்கலாம். ஆனால் இருவர் பெயரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் விசா கிடைத்து ஒன்றாகவே அமெரிக்காவுக்குள் போக வேண்டும்.

2. பிள்ளை பிறந்த நேரத்தில் தாய், தகப்பன் இருவருமே இந்தியாவில் பிறந்தவர்களாகவோ இந்தியாவில் குடியிருந்தவர்களாகவோ இல்லை என்றால், தாய் அல்லது தகப்பன் பிறந்த நாட்டைக் காட்டலாம். வேலையாகவோ ஊர் பார்க்கவோ தற்காலிகமாக வந்த இடத்தில் குழந்தை பிறந்தவர்களுக்கான விதி இது.

தாத்தா, பாட்டி பிறந்த நாட்டைக் காட்ட முடியாது.

நாடு சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு, அதாவது பிளஸ் டூ அளவுக்கு முடித்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், குறைந்தது 2 ஆண்டுப் பயிற்சி தேவைப்படும் ஒரு தொழிலில், கடந்த 5 ஆண்டுக்குள் 2 ஆண்டு அனுபவம் வேண்டும். ஒருவர் ஒரு தடவைதான் பதியலாம். இரண்டு தடவை பதிந்தால் இரண்டுமே தள்ளுபடி. கணவன், மனைவி இருவருக்கும் தகுதி இருந்தால் தனித்தனியாக ஒவ்வொன்று போடலாம். 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகள் எல்லோர் பெயரையும் சேர்க்க வேண்டும். ஒரு பிள்ளையை விட்டுவிட்டாலும் பின்னால் விசா மறுக்கப்படும்.

இத்தனை ஆண்டுகளாகப் பதிவு இலவசமாகத்தான் இருந்தது. 2025-ல் ஒரு டாலர் கட்டணம் கொண்டு வந்தார்கள். நம்ம பணத்துக்கு சுமார் நூறு ரூபாய். 15 ஆயிரம் எங்கே, நூறு ரூபாய் எங்கே!

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் இந்தத் திட்டத்தை நிறுத்தி வைப்பதாக அமெரிக்க அரசு அறிவித்தது. எனவே தகுதி இருக்கிறவர்களும்கூட, அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் பதிவு திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

ஏமாற்றுகிறவர்கள் எப்படி வருவார்கள்?

"உங்க பேரு விழுந்திருக்கு, உடனே பணம் அனுப்புங்க" என்று போனிலோ வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ சேதி வரும். அமெரிக்க அரசு அப்படிச் சேதி சொல்வதே இல்லை. பதிந்தவர், தனக்குக் கொடுத்த எண்ணைப் போட்டு அதே இணையதளத்தில் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அரசின் இணைய முகவரிகள் 'டாட் கவ்' என்று முடியும். கழுகுப் படமும் கொடியும் போட்ட போலித் தளங்கள் நிறைய உண்டு. படத்தைப் பார்த்து நம்பக் கூடாது.

பெயர் விழுந்தாலும் விசா உறுதி இல்லை. இருக்கிற இடத்தைவிட அதிகமான பேரைத் தேர்வு செய்வார்கள். நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அந்த நிதியாண்டின் செப்டம்பர் 30-க்குள் முடிய வேண்டும். இல்லையென்றால் வாய்ப்பு போய்விடும்.

அப்போ வேற வழியே இல்லையா?

இருக்கு. ஆனால் எதிலும் குறுக்கு வழி கிடையாது.

குடும்ப வழி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த பிள்ளை தன் தாய் தகப்பனுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு இல்லை. உடன்பிறந்தவர்களுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் காத்திருப்பு 15 ஆண்டுக்கும் மேல். கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் கணவன் அல்லது மனைவிக்கும், திருமணமாகாத பிள்ளைகளுக்கும்தான் கேட்க முடியும். பெற்றோருக்குக் கேட்க முடியாது.

வேலை வழி: நர்ஸ், இன்ஜினியர் போன்றவர்களுக்கு அங்குள்ள முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். இதிலும் நம் நாட்டினருக்கு வரிசை மிக நீளம். எச்-1பி என்பது தற்காலிக வேலை விசா. ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புக்கு மேல் பேர் வருவதால் அதிலும் தேர்வு நடக்கிறது. அதையும் கிரீன் கார்டு லாட்டரியையும் சிலர் வேண்டுமென்றே குழப்பிச் சொல்வார்கள். எச்-1பி-க்குப் பதிவு செய்வது கம்பெனி, நாம் இல்லை.

கனடா: 2015 முதல் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறை நடக்கிறது. வயது, படிப்பு, மொழித் திறன், வேலை அனுபவம் பார்த்துப் புள்ளி போடுவார்கள். இது லாட்டரி இல்லை.

வளைகுடா நாடுகள்: இது குடியேறும் விசா இல்லை, வேலை விசா. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியகல்வு அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்ச வரம்பு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

• வெளிநாட்டுக்கு என்று கடன் கேட்கும் உறுப்பினரிடம், எந்த நாடு, எந்த விசா, யாருக்குப் பணம், ரசீது உண்டா என்ற நான்கையும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

• 15,000 ரூபாய் உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 150 ரூபாய். கிடைக்காத விசாவுக்கு அந்த வட்டியைக் கட்டப் போவது அந்த உறுப்பினர்தான். இதை அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

• பாஸ்போர்ட், சான்றிதழ் எதையும் அசலாக ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

• ஆன்லைனில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.

ஏமாந்தவரைக் கூட்டத்தில் யாரும் கேலி பேசக் கூடாது. பேசினால் அடுத்த முறை ஏமாறுகிறவர் வாயே திறக்க மாட்டார், ஏஜெண்டுக்குத்தான் அது வசதி. இந்தக் கட்டுரையை வரும் மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு அவசியம் விளக்கிச் சொல்லுங்கள்.