உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனியை உலுக்கிய ஹார்ட்ஸ் சட்டங்கள்

● வேலையில்லாதோரைக் குறைக்க வந்த சட்டம், வந்த மாதமே அந்தக் கணக்கை ஏற்றிவிட்டது. 2005 ஜனவரி 1 அன்று நான்காவது ஹார்ட்ஸ் சட்டம் அமலானது. அந்த மாதமே எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி காணாத உச்சம்! குளிர்கால மந்தம் ஒரு காரணம். இன்னொன்று, அதுவரை ஏழைகளுக்கான உதவித்தொகையில் இருந்தவர்களில் வேலை செய்ய முடிந்த பலரும் புதிதாகப் பட்டியலில் ஏறியது.

● பெயருக்கு உரியவர் பீட்டர் ஹார்ட்ஸ், ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் அன்றைய பணியாளர் துறைத் தலைவர். இந்தச் சட்டங்களுக்கு அடிப்படையான பரிந்துரைகளைத் தர சான்சலர் ஷ்ரோடர் 2002-இல் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2007-இல் அந்த நிறுவனத்து ஊழல் வழக்கில் அவருக்கு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தன.

● மக்களைச் சுட்டது எது? முன்பெல்லாம் நெடுநாள் வேலையில்லாதவருக்கும் பழைய சம்பளத்தை ஒட்டியே உதவி கிடைத்தது. புதிய சட்டத்தில், இருபது வருடம் ஃபோர்மேனாக இருந்தவருக்கும், வேலைக்கே போகாதவருக்கும் கடைசியில் ஒரே தொகைதான் கிடைத்தது. தனியாள் என்றால் 2005-இல் மேற்கில் மாதம் 345 யூரோ, கிழக்கில் 331. வாடகையும் ஹீட்டர் செலவும் தனி. சேமிப்பையும், கணவன் அல்லது மனைவியின் வருமானத்தையும் துருவிப் பார்த்த பிறகே கையில் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகம் கூப்பிட்ட நாளில் போகாவிட்டால் 10 சதவீதம் வெட்டினார்கள். 30 சதவீதத்துக்கு மேல் வெட்டுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2019-இல்தான் நீதிமன்றம் சொன்னது.

● பலன் இருந்ததா? 2005-இல் 11.7 சதவீதமாக இருந்த வேலையின்மை 2019-இல் 5 சதவீதம். ஆனால், பாராட்டு யாருக்கு என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். 1990-களின் நடுவிலிருந்தே ஊதியப் பேச்சுவார்த்தை ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் இறங்கி வந்ததுதான் மூல காரணம் என்பது கிறிஸ்டியன் டஸ்ட்மன் குழுவினரின் வாதம். முழுப் பெருமையையும் சட்டத்துக்கே கொடுப்பது கொஞ்சம் அதிகம்தான். 2009-இல் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தும் பெரிய ஆட்குறைப்பு நடக்கவில்லை. காப்பாற்றியதில் பெரும் பங்கு, வேலை நேரத்தைக் குறைத்து, அதனால் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டும் ஏற்பாட்டுக்கு. அது ஹார்ட்ஸுக்கு வெகுகாலம் முந்தியது!

● அறுவடை ஷ்ரோடருக்கு இல்லை. 2005 தேர்தலில் பதவி போனது. வேலையில்லாதோர் எண்ணிக்கை இறங்கிய காலத்தில் நாற்காலியில் இருந்தவர் மெர்கல்.

● வேலை பெருகினாலும் மலிவுக் கூலி பெரும் பிரச்சினையாகவே நீடித்தது. 2015-இல் மணிக்கு 8.50 யூரோ என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். அதுவரை நாடு முழுவதற்குமான சட்டம் அப்படி ஒன்று ஜெர்மனியில் இல்லவே இல்லை.