ஓர் எண்ணை அறிவோம்: 4,294,967,297

எண்களுள் பகா எண் என்பது ஒரு தனி இனம். 7, 13, 29 போன்ற எண்களை ஒன்றாலும் அதே எண்ணாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுத்தல் இயலாது. 15 அத்தகையதன்று, 3-உம் 5-உம் அதனை வகுத்துவிடும். தமிழ்ப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் இதனை நன்கறிவர். தலைப்பில் உள்ள எண், அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297, பகா எண்தானா? இக்கேள்விக்கு விடை காணத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

இவ்வெண் பிறக்கும் விதம் எளிது. 2-ஐ 2-ஆல் பெருக்கினால் 4. 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. இவ்வாறே விடையை அவ்விடையாலேயே பெருக்கிச் சென்றால் 256, 65,536, 4,294,967,296 என விரைந்து வளரும். 2 முதலாக ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 கிடைக்கும். இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்களே.

பிரான்சு நாட்டின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய ஃபெர்மா என்பவர், ஆறாவதும் அதற்கு மேல் வருவன யாவும் பகா எண்களே என்று 1640ஆம் ஆண்டில் நம்பினார். கணிதம் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடுதான். எனினும் அக்காலத்தில் அவருக்கு இணையானோர் மிகச் சிலரே. முழுமையான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவுமில்லை.

1732இல், சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவில் பணியாற்றிவந்த 25 வயது இளைஞர் ஆய்லர், இவ்வெண்ணை 641 மீதியின்றி வகுக்கும் எனக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு தேடவேண்டியதில்லை. இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருத்தல் வேண்டும் என்று அவரே பின்னாளில் விளக்கினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரிசையாக வரும். நான்கு பொய்த்தன, ஐந்தாவது வகுத்தது. ஈவு 6,700,417.

பெரியவர் சொன்னார், இளையவர் மறுத்தார் என்று நாம் கேட்டுக்கொண்டு போகவேண்டியதில்லை. சம்பளச் சீட்டைத் தாமே ஒருமுறை கூட்டிப் பார்க்கும் வழக்கமுள்ளோர், இதனையும் ஒரு பென்சிலும் தாளும் கொண்டு சரிபார்க்கலாம். 1-ஐ முப்பத்திரண்டு முறை இரட்டித்தால் 4,294,967,296 வரும். அத்துணைப் பெரிய எண்ணை எழுதத் தேவையில்லை. இரட்டிக்கும்போது 641-ஐத் தாண்டினால் 641-ஐக் கழித்துவிடுங்கள். நமக்கு வேண்டியது மீதி மட்டுமே, கழிப்பதால் அது மாறாது. பத்தாம் முறை 1,024 வரும். 641 போக 383. அடுத்து 766, 641 போக 125. இவ்வாறே சென்றால் பதினைந்தாம் முறை 77, இருபதாம் முறை 541. இருபத்தைந்தாம் முறை நிற்பதோ வெறும் 5! பிறகு கழிக்கும் வேலையே இல்லை: 10, 20, 40, 80, 160, 320, 640. முப்பத்திரண்டு முறை முடிந்தது. இத்துடன் அந்த 1-ஐக் கூட்டுங்கள்; 641. மீதி ஏதுமில்லை.

வேறு எண் வந்தால் இடையில் எங்கோ ஒரு கழித்தல் தவறியிருக்கும். 77-உம் 541-உம் சரியாக வந்தனவா என்று பார்த்தால் இடம் புலப்படும்.

ஃபெர்மாவின் வரிசையில் முதல் ஐந்துக்குப் பின் வரும் இருபத்தெட்டு எண்களும் பகா எண்கள் அல்ல என்று இதுவரை அறியப்பட்டுள்ளது. ஆறாவதாக ஒரு பகா எண் அவ்வரிசையில் எங்கேனும் உண்டா என்பதற்கு விடை இன்னும் கிடைக்கவில்லை.