நீச்சல் டயப்பர் மாட்டினால் மட்டும் போதுமா? பெற்றோரே, உஷார்!

"5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. டயப்பர் கட்டியவர் யாராக இருந்தாலும் தண்ணீரில் இறங்கக்கூடாது!"

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பொது நீச்சல் குளங்களில் 2007-ம் ஆண்டு கோடையில் சுகாதார அதிகாரிகள் போட்ட தடை இது. பச்சைப் பிள்ளைகளுக்கு ஏன் இந்தத் தடை?

காரணம், பேதி!

அந்தக் கோடையில் யூட்டா மாநிலம் முழுக்கப் பேதி பரவியது. சுமார் 5,700 பேர் பாதிக்கப்பட்டதாக அரசு கணக்கெடுத்தது. அதிகாரிகள் துப்புத் துலக்கினார்கள். தடயம் நேராக நீச்சல் குளங்களில் போய் நின்றது. குற்றவாளியின் பெயர் கிரிப்டோஸ்போரிடியம். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. பேதி கண்டவரின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். அந்தத் தண்ணீரை இன்னொருவர் ஒரு மடக்கு விழுங்கினால் போதும். ஆளைப் படுக்கப் போட்டுவிடும்!

"அதான் குளத்தில் குளோரின் போடுகிறார்களே?" என்று கேட்கலாம். சரியான அளவில் குளோரின் இருந்தால் ஈ.கோலை என்ற கொடிய பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். ஜியார்டியா என்ற கிருமிக்கு சுமார் 45 நிமிடம் ஆகும். கிரிப்டோ மட்டும் அசைந்து கொடுக்காது. குளோரின் தண்ணீரிலேயே 7 நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும் கில்லாடி அது!

குளோரின் குறைந்தாலோ கதை இன்னும் மோசம். 1998-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில், சின்னப் பிள்ளைகள் விளையாடும் குளத்திலிருந்து ஈ.கோலை பரவியது. 26 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒரு குழந்தையின் உயிரே போய்விட்டது.

அது என்ன நீச்சல் டயப்பர்?

இன்று நம் ஊர்க் கடைகளிலும் 'நீச்சல் டயப்பர்' கிடைக்கிறது. "இதை மாட்டிவிட்டால் குழந்தையைத் தைரியமாகக் குளத்தில் இறக்கலாம்" என்று நினைத்து வாங்குகிறவர்கள் பலர். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

வீட்டில் கட்டும் சாதா டயப்பருக்குள் தண்ணீரை உறிஞ்சும் மாவு போன்ற குருணை இருக்கிறது. அதோடு குளத்தில் இறக்கினால் குளத்துத் தண்ணீரையே குடித்து, பூசணிக்காய் மாதிரி ஊதிப்போகும். கனம் தாங்காமல் இடுப்பை விட்டு நழுவும். கிழிந்தால் உள்ளே இருக்கும் கொழகொழப்பு குளமெங்கும் மிதக்கும்.

நீச்சல் டயப்பர் அப்படி ஊதாது. தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே போய்விடும். அதனால் குழந்தை ஒண்ணுக்குப் போனால் அதுவும் வெளியே போய்விடும். அதை நிறுத்தும் வேலை இதற்குக் கிடையாது. கெட்டியாக ஆய் போனால் அது தண்ணீரில் மிதக்காமல் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்!

5 நிமிடத்தில் அம்பலம்

2011-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பரிசோதனை முடிவு வெளியானது. கிரிப்டோ அளவுக்கே நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு அளவுள்ளவற்றை, நீச்சல் டயப்பருக்குள் வைத்தார்கள். அதை மாட்டிக்கொண்டவர்களைத் தண்ணீரில் விளையாட விட்டார்கள். அவ்வப்போது தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள்.

1 முதல் 5 நிமிடத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட துகள்கள் வெளியே! சிலவற்றில் 97 சதவீதம் வரை வெளியே! 10 நிமிடம் ஆனதும் 77 முதல் 100 சதவீதம் வரை தண்ணீரில் கலந்துவிட்டன. எந்த வகை டயப்பரானாலும் இதே கதைதான்.

ஆகவே பேதி உள்ள குழந்தைக்கு எவ்வளவு விலை கொடுத்து நீச்சல் டயப்பர் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை. நல்ல உடம்போடு இருக்கும் குழந்தைக்குத்தான் இது உதவும். அதுவும் பொருத்தமாக மாட்டினால்!

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரு தடவை போட்டு எறிந்துவிடுவது. மற்றது, துவைத்துத் துவைத்துப் போடும் துணி வகை. எப்போதாவது ஒரு நாள் குளத்துக்குப் போகிறவர்களுக்கு முதல் வகை சௌகரியம். வாராவாரம் நீச்சல் வகுப்புக்குப் போனால் துணி வகை கட்டுப்படி ஆகும். பிரிட்டனில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் பல இடங்களில் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். உள்ளே ஒன்று, அதன் மேல் இறுக்கமாக இன்னொன்று.

வயதைச் சொல்லி வாங்காதீர்கள். எடையைச் சொல்லி வாங்குங்கள். ஒரு வயதுப் பிள்ளைகளிலேயே ஒல்லியும் உண்டு, கொழுகொழுவென்றும் உண்டு. "வளர்கிற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசாக இருக்கட்டும்" என்று சட்டை வாங்குகிற மாதிரி இதை வாங்கக் கூடாது. தொடையில் இடைவெளி விழுந்தால் டயப்பர் போட்டும் போடாத மாதிரிதான்!

மாட்டுவது எப்படி?

பஸ்ஸிலோ காரிலோ போகும்போதே மாட்டிவிட்டால் மடி நனைந்துவிடும். குளத்துக்குப் போய்ச் சேர்ந்து, இறங்குவதற்குச் சற்று முன் மாட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை வருமாறு:-

1. இடுப்புப் பட்டை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். ஒரு விரல் நுழையலாம். கையே நுழைந்தால் பெரிசு.

2. இரண்டு தொடையைச் சுற்றியும் எலாஸ்டிக்கை விரலால் தடவிப் பாருங்கள். எங்கும் இடைவெளி கூடாது. ஓரம் உள்ளே மடிந்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான்.

3. குழந்தையைக் குந்தவைத்து எழுப்பிப் பாருங்கள். பின்பக்கம் இறங்கினால் அடுத்த சிறிய சைஸ் தேவை.

4. கழற்றிய பிறகு சிவப்பாகத் தடம் பதிந்திருந்தால் இறுக்கம் அதிகம். அடுத்த தடவை பெரிய சைஸ் பாருங்கள்.

5. கழற்றும்போது காலோடு உருவினால் எல்லாம் காலில் பூசிக்கொள்ளும். பக்கவாட்டில் கிழிக்கும் வகையை இரு பக்கமும் கிழித்து எடுங்கள். துணி வகையில் பக்கத்தில் பட்டன் வைத்தது நல்லது.

கரையில் வைத்து மாற்றாதீர்கள்!

தண்ணீரில் இருக்கும்போது மணிக்கு ஒரு தடவையாவது குழந்தையைத் தூக்கி டயப்பரைப் பாருங்கள் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். குளத்தங்கரையில் உட்கார்ந்து மாற்றவே கூடாது. சொட்டுகிற தண்ணீர் திரும்பவும் குளத்துக்குத்தான் போகும். கழிவறைப் பக்கம் போய் மாற்றுங்கள். குழந்தையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான்.

குழந்தை தண்ணீரில் அசுத்தம் செய்துவிட்டால் சத்தமில்லாமல் நழுவாதீர்கள். உடனே காவலாளியிடம் சொல்லுங்கள். மற்றவர்களை வெளியேற்றி, குளத்தைச் சுத்தம் செய்ய அவர்களுக்குத் தகவல் வேண்டும். ஐந்து நிமிட வெட்கத்துக்குப் பயந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை!

பேதி இருக்கும்போது குளம் பக்கமே போகக் கூடாது. கிரிப்டோ என்று டாக்டர் உறுதி செய்திருந்தால், பேதி நின்ற பிறகும் 2 வாரம் பொறுக்க வேண்டும். கிருமி அதுவரை வெளியேறிக்கொண்டே இருக்கலாம்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பிள்ளை போகணும் என்று அழுகிறது, காலையில் இரண்டு தடவை வயிற்றாலே போனது. என்ன செய்வது? டிக்கெட் காசு போனால் போகட்டும். வீட்டிலேயே அண்டாவில் தண்ணீர் நிரப்பி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஊற்றிவிடுங்கள். குளம் எங்கேயும் ஓடிவிடாது. வயிறு சரியானதும் போய்க்கொள்ளலாம்!