உங்களுக்குத் தெரியுமா? பழுதைப் பனியே காட்டிக்கொடுக்கும்!

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் கிராமங்களில் பல வீடுகளின் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை குளிர்காலம் முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும். அதுதான் விறகு பாய்லர். நம்மூர் வெந்நீர் பாய்லருக்குப் பெரியண்ணன். அடுப்பைச் சுற்றியுள்ள தொட்டியில் நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் சூடாகி, மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியே வீட்டுக்குப் போய், சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்.

விறகு மளமளவென்று எரிந்தும் வீடு சூடாகவில்லையா? கொல்லையில் கிடக்கும் பனியைப் பார்த்தாலே போதும். குழாய் போகும் தடத்தில் மட்டும் கோடு கிழித்தாற்போல உருகியிருந்தால், சூடு மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் குழாயைச் சுற்றிய காப்புறைக்குள் ஈரம் புகுந்திருக்கும். தோண்டித்தான் ஆகவேண்டும், அதுவும் மண் கல்லாக உறைந்து கிடக்கும்போது!

புதிதாகப் பற்றவைத்ததும் அடுப்பின் உட்சுவரில் நீர் வழியும். ஓட்டை விழுந்துவிட்டதென்று பலர் பதறிப்போவார்கள். விறகின் ஈரம் ஆவியாகிக் குளிர்ந்த இரும்பில் பட்டு வியர்ப்பதுதான் அது. தொட்டி நீர் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பொதுவாக நின்றுவிடும். நிற்காமல் வழிந்து, தொட்டியில் நீர்மட்டமும் இறங்கினால்தான் வெல்டருக்கு ஆள் அனுப்பவேண்டும்.

விறகைப் பிளந்து அடுக்கி 6 மாதமாவது காயவிட்டு, ஈரம் 20 சதவீதத்துக்குள் வந்தபின் எரிப்பதே நல்லது. பச்சை விறகென்றால் புகைபோக்கியில் தார் போலப் பிசின் படியும். புகை கிளம்பிப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் வரும். புதிதாக விற்கும் பாய்லர்களின் புகைக்கு 2015-இல் அமெரிக்க அரசே வரம்பு விதித்தது.