240 நிமிடம், 90 நிமிடம், 3 நிமிடம்: ஒரு டை மாற்றத்தின் கணக்கு

1969-இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் அதே வேலையை 2 மணி நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தது. ஷிகேயோ ஷிங்கோ என்ற உற்பத்தி ஆலோசகர் தொழிலாளர்களோடு சேர்ந்து ஆறு மாதத்தில் அதை 90 நிமிடமாக்கினார். 3 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்றது நிர்வாகம். மூன்று மாதத்தில் அதுவும் நடந்தது.

மிச்சமான நேரத்தில் எத்தனை பீஸ் கூடுதலாக அடிக்கலாம் என்பதுதான் இதைக் கேட்டதும் முதலாளிகள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு லாபத்தின் சிறிய பங்கை மட்டுமே காட்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்த 240 நிமிடம் எங்கே போனது என்று பார்ப்போம். பழைய முறையில் டை மாற்றும் நேரம் எப்படிச் செலவாகிறது என்பதற்கு ஷிங்கோ ஒரு பங்கீடு தருகிறார்: பொருள், கருவி, டை ஆகியவற்றைத் தயார் செய்ய 30%, கழற்றி மாட்ட 5%, மையம் பார்த்து அளவு வைக்க 15%, சோதனை ஓட்டத்துக்கும் திருத்தத்துக்கும் 50%. இதை 240 நிமிடத்துக்குப் பொருத்தினால் 72, 12, 36, 120. டையைக் கழற்றி மாட்டுவது 12 நிமிட வேலைதான்! தயாரிப்புக்குப் போகும் 72 நிமிடத்தை பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். 1950-இல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ ஆலையில் 800 டன் பிரஸ்ஸுக்கு டை மாற்றும்போது, காணாமல்போன ஒரே ஒரு போல்ட்டைத் தேடி ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கும் மேல் அலைந்ததை ஷிங்கோ நேரில் பார்த்தார். பிரஸ் ஓடும்போதே வெளியே முடிக்கக்கூடிய வேலை, பிரஸ் நின்றால்தான் முடியும் வேலை என்ற பிரிவினை அவருக்கு அங்கேதான் பிறந்தது. பெரிய பங்கான 120 நிமிடத்தைத் தொட வேண்டுமானால் டைகளின் உயரத்தையே ஒன்றாக்க வேண்டும். அடியில் தகடு கொடுத்து எல்லா டைக்கும் ஒரே உயரம் வைத்துவிட்டால், தட்டிப் பார்த்துத் திருத்தும் வேலை பெருமளவு குறையும். மாட்டும் வேலையிலும் வீண் உண்டு: போல்ட்டில் 15 மரை இருந்தால் 15 சுற்று சுற்றுகிறோம். இறுக்குவது கடைசிச் சுற்று மட்டும்.

இனி ரூபாய்க் கணக்கு. எண்கள் மாதிரிக்கு நான் வைத்துக்கொண்டவை. இரண்டு ஷிஃப்ட், 960 நிமிடம். ஒரு பிரஸ், நிமிடத்துக்கு 10 பீஸ். எட்டு வகை பாகம், ஒவ்வொன்றும் நாளுக்கு 900 தேவை. மொத்தம் 7,200 பீஸ், 720 நிமிட ஓட்டம். மீதி 240 நிமிடம்.

டை மாற்ற 240 நிமிடம் ஆனால் நாளுக்கு ஒரு மாற்றம்தான் சாத்தியம். எட்டு வகையும் ஒரு சுற்று வர எட்டு நாள். ஒரு லாட் (ஒரு வகையை ஒரே தடவையில் அடிக்கும் அளவு) 7,200 பீஸ். 90 நிமிடம் என்றால் சுற்று மூன்று நாள், லாட் 2,700. 3 நிமிடம் என்றால் எட்டு மாற்றத்துக்கும் சேர்த்து 24 நிமிடம். எட்டு வகையும் தினமும் ஓடும், லாட் 900, அதற்கு மேலும் 216 நிமிடம் மிச்சம்.

பீஸ் ஒன்று 80 ரூபாய் என்று வைப்போம். லாட்டில் பாதி சராசரி இருப்பு என்று தோராயமாகக் கொண்டால், 7,200 பீஸ் லாட்டில் எட்டு வகைக்கும் சேர்த்து 28,800 பீஸ், அதாவது 23,04,000 ரூபாய் ஷெட்டில் அடுக்கிக் கிடக்கும். தினசரி லாட்டில் அது 3,600 பீஸ், 2,88,000 ரூபாய். விடுபடும் பணம் 20,16,000. 12% வட்டியில் ஆண்டுக்கு 2,41,920 ரூபாய். மாற்றும் செலவுக்கும் லாட் அளவுக்கும் உள்ள உறவை 1913-லேயே ஃபோர்டு ஹாரிஸ் சூத்திரமாக எழுதிவிட்டார்: மாற்றும் செலவின் வர்க்கமூலத்தைப் பொறுத்துச் சிக்கனமான லாட் அமையும். செலவு 80-இல் ஒரு பங்காகக் குறைந்தால் லாட் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகும். மாற்றும் செலவை அசையாத எண்ணாக எடுத்துக்கொண்டு பல ஆலைகள் பெரிய லாட்டை நியாயப்படுத்தின. ஷிங்கோ கைவைத்தது அந்த எண்ணிலேயே.

செலவுப் பக்கமும் உண்டு. அடுத்த டையை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்க ஒரு உதவியாளர் வேண்டும். மாதம் 18,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,16,000. கிளாம்ப், தகடு, தள்ளுவண்டிக்கும் செலவு இருக்கிறது. வட்டியில் மிச்சமானது இதற்கே சரியாகிவிடும். இந்த இடத்தில்தான் பலர் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள், அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனென்றால் பெரிய வரவு அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

ஒரு துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுகிறது, வெல்டிங்கில் மாட்டும்போதுதான் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் லாட் முழுவதும் அடித்து முடிந்திருந்தால் 7,200 பீஸ், 5,76,000 ரூபாய் ஸ்கிராப். லாட் 900 என்றால் இழப்பு 72,000. ஒரே ஒரு தவற்றில் வித்தியாசம் 5,04,000 ரூபாய். உதவியாளரின் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்கும் அதிகம். அதோடு தவறு நேற்றைய ஓட்டத்தில் நடந்தது என்பதால், எந்தச் சுருள் தகடு, எந்த செட்டிங் என்று ஓட்டியவருக்கு நினைவிருக்கும். எட்டு நாள் கழித்துக் கேட்டால் யாருக்குத் தெரியும்?

மிச்சமான 216 நிமிடத்தில் 2,160 பீஸ் அடிக்கலாம். ஆர்டர் இல்லாமல் அடித்தால் நாளுக்கு 1,72,800 ரூபாய் மறுபடி இருப்பில் போய் உட்காரும். விடுவித்த 20,16,000 ரூபாயும் 12 நாளுக்குள் திரும்ப முடங்கிவிடும். அந்த நேரத்தை டையின் தேய்மானம் பார்க்கவும் முனை தீட்டவும் கொடுப்பதே சரி.